கோட்டைக்கு வேறு சொல்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள சிவமலர் மாமிக்கு,

இந்தக் கடிதத்திலும், நீங்கள் பதில் எழுதினால் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு வெட்கமான இடங்களையும் விட மாட்டேன். ஆகவே வெட்கமானதை முதலில் சொல்கிறேன்: உங்கள் முகவரியை அப்பாவின் மேசை லாச்சியிலிருந்து எடுத்தேன். அவரைக் கேட்கவில்லை.

நான் தக்ஷிகா, உங்கள் தம்பி ஞானேஸ்வரனின் மகள். நீங்கள் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. இப்போது பதின்மூன்று. நிறையப் புத்தகம் வாசிப்பேன். கண்ணாடி போட்டிருக்கிறேன்.

லாச்சியில் நான் தேடியது ஸ்டேப்ளர். கிடைத்தது ரப்பர் பாண்ட் போட்ட ஏழு புதுவருட வாழ்த்துகள். ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்தன. அப்பா மருந்துக்கடையில் வேலை செய்வதால் எதையும் அப்படித்தான் அடுக்குவார். ஏழு உறையும் பிரிக்கப்பட்டிருந்தன என்பதையும் நான் எழுதவேண்டும். அப்பா வாசித்திருக்கிறார்.

ஏழிலும் ஒரே படம். கடலுக்குள் தலை நீட்டிய கறுத்த பாறை, அதன் மேல் அதே கறுப்பில் ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் டன்வேரா கோட்டை. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னுடைய சொந்த மாமி இதற்குள் இருக்கிறாரா? இரவில் இதற்குள்தான் படுக்கிறாரா?

நீங்கள் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சொன்னார்: "கோட்டைக்குள்ள போய்ப் படுக்கிறவளுக்கு என்ர வீட்டில கதிரை இல்லை." எனக்கு விளங்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நாலு கதிரை, நாங்கள் மூன்று பேர். ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த நாள் அப்பா நாலாவது கதிரையைக் கொண்டுபோய் கராஜில் வைத்தார். இன்றைக்கும் அதன் மேல் பெயின்ற் வாளி இருக்கிறது.

மாமி, நான் ஒரே ஒரு இரவு அங்கே வந்து தங்கலாமா?

இப்படிக்கு,
தக்ஷிகா


டன்வேரா
17 செப்டெம்பர்

என்ர செல்லப் பிள்ளைக்கு,

உன்ர கடிதம் செவ்வாய்க்கிழமை கப்பலில வந்தது. இஞ்ச எனக்குக் கடிதம் வாறதில்லை, பில்தான் வரும். தபால்காரன் உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்து, "லண்டனில உனக்கு ஆள் இருக்கோ?" எண்டு கேட்டான். "ஓம், மருமகள் இருக்கிறாள்" எண்டன். சொல்லிப்போட்டு நெடுநேரம் வாசலிலேயே நிண்டன்.

லாச்சியைக் கிண்டினது பிழை. செய்திட்டாய், விடு.

ஓம், நான் இதுக்குள்ளதான் இருக்கிறன். இந்த வீட்டைப் பாத்துக்கொள்ளுற வேலை. பதினெட்டு அறை. கோபுர உச்சிக்குத் தொண்ணூற்றேழு படி. ஓட்டைக் கூரைக்குக் கீழ வைக்கிற வாளி ஒன்பது. கோட்டைக்குச் சொந்தக்கார அம்மா எடின்பரோவில இருக்கிறா, கோடையில வருவா. பகலில ஆக்கள் ரிக்கற் எடுத்துப் பாக்க வருவினம். இரவு தங்கிறவைக்கு ரெண்டு அறை. சுவர் ஒன்பது அடித் தடிப்பு, போன் உள்ளுக்க வேலை செய்யாது. அதால நீ கடிதம் எழுதினது நல்லதாப் போச்சு.

முதல் கிழமை எனக்கு நித்திரையே வரேல்லை. பயத்தில இல்லைப் பிள்ளை. தரைக்குக் கீழ கடல் மூச்சு விடுற சத்தம் கேக்கும். எண்ணூறு வருசமா அதே மூச்சு. ஆரார் இதே அறையில படுத்து அதைக் கேட்டிருப்பினம் எண்டு யோசிச்சு யோசிச்சு விடிஞ்சுபோகும்.

வா. தாராளமா வா. ஆனா களவா வராதை.

தம்பி சொன்னதை நீ எழுதியிருக்கிறாய், ஏன் சொன்னான் எண்டதை எழுதேல்லை. உனக்குத் தெரியாது போல. நான் சொல்ல மாட்டன், அது அவன்ர வாயால வரோணும். யாழ்ப்பாணத்தில எங்கட வீடு கொட்டடி எண்ட இடத்தில இருந்தது, யன்னலைத் திறந்தா கோட்டை. இது மட்டும் சொல்லுறன், மிச்சத்தை அவனைக் கேள்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கு. இந்த வேலை கிடைச்சிருக்கு எண்டு சொன்ன அண்டைக்கு அவன் என்னை ஏசினான். ஏன் போறாய் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. ஏழு வருசமாப் பதிலைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறன்.

அன்புடன்,
மாமி


ரெய்னர்ஸ் லேன்
29 செப்டெம்பர்

அன்புள்ள மாமிக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டு வீட்டில் மறைத்தால் அது அரை உண்மைதான்.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தேன். அப்பா மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் மூன்று தரம் வாசித்தார். எழுந்து போனார். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குடிக்காமல் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

1990. அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, உங்களுக்குப் பதினாறு. கோட்டைக்குள் ஆமி. அங்கிருந்து ஷெல் அடித்தார்கள். ஒரு நாள் இருட்டியதும் நீங்கள் எல்லாரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டீர்கள். உங்கள் அப்பா, என் அப்பப்பா, சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனார். கோட்டை மதிலில் இருந்து பெரிய லைட் ஒன்று தெருவைத் தடவிக்கொண்டு வந்தது. நீங்கள் அப்பாவை வாய்க்காலுக்குள் தள்ளி, தலையை அமத்திப் பிடித்தீர்கள். "லைட் நூரட்டும் தம்பி. பிறகு எழும்பலாம்" என்றீர்கள். லைட் அப்பப்பாவின் மேல் போய் நின்றது. பிறகு சத்தம். விடியும் வரை லைட் நூரவில்லை. நீங்கள் இருவரும் விடியும் வரை எழும்பவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, "அதே அக்கா போய்க் கோட்டையில படுக்கிறா" என்றார்.

நூர்வது என்றால் அணைவது. எங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் சொல் என்று நினைத்திருந்தேன். தமிழ்ப் பள்ளியில் சிவனேஸ்வரி ரீச்சர் அகராதியில் எடுத்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்ததையும் ஸ்கொட்லாந்தில் இருப்பதையும் ஆங்கிலத்தில் ஃபோர்ட், காசில் என்று இரண்டு சொல்லால் சொல்கிறார்கள். தமிழில் இரண்டும் கோட்டை. அப்பா கோபிப்பது அந்தச் சொல்லோடுதான். வேறு சொல் கிடைத்தால்?

அகராதியோடு அப்பாவிடம் போனேன். "மாமி இருக்கிறது அரண்மனையில் அப்பா" என்றேன்.

"எந்த ராசாவைக் கட்டினவ?" என்று கேட்டார்.

மாளிகை என்றேன். "பில்டர்மார் இப்ப ஹரோவில கட்டுற மூண்டு மாடிக்கும் அதுதான் பேர்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அப்பாவுக்கும் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் அம்மாதான் சொன்னார், "பதின்மூண்டு வயசுப் பிள்ளையைத் தனிய அனுப்பேலாது. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ." அப்பா போய்ச் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கரை மட்டும் வாறன். அங்கால ஒரு அடி வைக்க மாட்டன்."

ஒக்டோபர் 29, செவ்வாய். பாடசாலை விடுமுறை. அதற்குள் உங்களுக்கு ஒரு நல்ல சொல் தெரிந்தால் எழுதுங்கள்.

தக்ஷிகா


டன்வேரா
8 ஒக்டோபர்

பிள்ளை,

அவன் சொன்னதில ஒண்டும் பிழையில்லை. ஒரு திருத்தம் மட்டும். அமத்தினது நான் எண்டு அவன் சொல்லுறான். நானும் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தன். அவன்ர தலையைப் பிடிச்சிருந்தபடியாத்தான் என்ர கை நடுங்கேல்லை.

வேற சொல் தேடாதை. ராசா இல்லாத இடத்தை அரண்மனை எண்டால் பொய். நீதானே உண்மையை மட்டும் எழுதுறனெண்டாய்? இது கோட்டைதான். சுடுறதுக்குத் துவக்கு நீட்டுற ஓட்டை இருக்கு. கைதியளை இறக்கிற குழி இருக்கு. எனக்கு அது தெரிஞ்சுதான் வந்தனான்.

ஏன் வந்தனெண்டு அவன் கேக்கேல்லை, நீயும் கேக்கேல்லை. ஆனாலும் சொல்லுறன். பேப்பரில வேலை விளம்பரம் பாத்தன். முதல் வரி: இரவில கோட்டை வாசலைப் பூட்டிச் சாவியைத் தன் பொறுப்பில வச்சிருக்க ஒரு ஆள் தேவை. அந்த வரியைப் பத்துத் தரம் வாசிச்சிருப்பன். வாய்க்காலுக்குள்ள கிடந்த ஒருத்திக்கு அது என்ன வரியெண்டு தம்பிக்கு விளங்கும், கேட்டிருந்தானெண்டால். இப்ப சாவி என்ர இடுப்பில. ஒரு றாத்தல் பாரம். இரவு பத்துமணிக்கு நான் பூட்டினாப் பிறகு இந்தக் கோட்டை ஆரையும் ஒண்டும் செய்யாது.

இனி முக்கியமானது. கப்பல் அஞ்சுமணிக்கு முதல் வந்திடும். இறங்குதுறையில இருந்து கால் மணித்தியால நடை. கோட்டைப் பாறைக்கும் கரைக்கும் நடுவில கல்லுப்பாதை. கடல் வத்தேக்க தெரியும், ஏறேக்க மறைஞ்சுபோகும். அண்டைக்கு ஆறேகாலோட பாதை தண்ணிக்குள்ள போயிடும், பிறகு விடியத்தான். பிந்தினால் நான் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். விடியக் கப்பலில அவன் உன்னைக் கொண்டு போயிடுவான். அவனை எனக்குத் தெரியும், இன்னொருக்கா வர மாட்டான்.

உனக்கு ஒரு வடிவான காட்சி இருக்கு. அஞ்சரைக்கு வெளி லைட் எல்லாம் தானாப் பத்தும். முழுக் கோட்டையும் பொன்னாட்டம் எழும்பி நிக்கும். கரையில நிண்டு பாக்கோணும்!

மாமி


டன்வேரா
4 நவம்பர்

பிள்ளை,

நீங்கள் போய் அஞ்சு நாள். எட்டாவது வாளியில தண்ணி நிரம்பினது கூடத் தெரியாமல் திரியிறன்.

அண்டைக்கு நான் எழுதினதை இப்ப நினைச்சாலும் என்ர தலையில நானே குட்டோணும் போல கிடக்கு. கரையில நிண்டு பாக்கோணுமாம்! ஏழு வருசம் அந்த லைட்டுக்குப் பின்னால இருந்து பழகிப்போச்சு. முன்னால நிக்கிறவனுக்கு அது என்னெண்டு மறந்துபோனன். குசினி யன்னலால பாத்தன். நீ தனிய நிக்கிறாய், அவனைக் காணேல்லை. அப்பத்தான் மண்டையில ஏறிச்சுது. படியால ஓடினதில முழங்கால் இன்னும் கண்டி வீங்கிக் கிடக்கு.

இந்தப் பக்கம் நான் செய்தது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் என்ன நடந்தது? அவனைக் கேட்டால் "ஒண்டுமில்லை அக்கா" எண்டுறான். நீ எழுது.

இன்னொண்டு. அண்டிரவு நான் அடுப்படிக் கதிரையிலயே நித்திரையாப் போனன், வாழ்க்கையில முதல்தரம் வாசல் பூட்டாமல். விடிய எழும்பிப் பாத்தா வாசல் பூட்டியிருக்கு, சாவி என்ர மடியில, மாடி, மண்டபம் எல்லாம் இருட்டு. ஆர் செய்தது?

மாமி


ரெய்னர்ஸ் லேன்
10 நவம்பர்

அன்புள்ள மாமிக்கு,

முதலில் ஒரு செய்தி. நேற்று அப்பா கராஜிலிருந்து நாலாவது கதிரையைக் கொண்டுவந்தார். பெயின்ற் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா, "ஆருக்கு?" என்று கேட்டார். "சும்மா. ஊத்தையாக் கிடந்தது" என்றார். மூன்று மணித்தியாலம் சுரண்டினார்.

இனி நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

கப்பலில் அப்பா முழுக்க உள்ளேயே இருந்தார். நான் மேல்தளத்தில் நின்றேன். மழை நின்று, மேகத்தின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. தீவின் முனையைச் சுற்றியபோது கோட்டை வந்தது. நாங்கள் அதனிடம் போகவில்லை, அதுதான் எங்களிடம் வந்தது. வாழ்த்து அட்டையில் அது என் உள்ளங்கையளவு. இங்கே கழுத்தை நிமிர்த்தி, இன்னும் நிமிர்த்தி, தொப்பி விழுந்த பிறகும் கோபுரம் முடியவில்லை. சுவரில் கடற்பறவைகள் வெள்ளைப் புள்ளிகளாக இருந்தன. ஒரு புள்ளி பறந்தபோதுதான் அது பறவை என்றும், சுவர் எவ்வளவு பெரியது என்றும் தெரிந்தது. நான் சத்தமாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

கல்லுப்பாதையின் தொடக்கத்துக்கு நாங்கள் வந்தபோது ஐந்து இருபத்தைந்து. அப்பா என் பையைக் கையில் தந்தார். "போ. மாமி வாசலில நிப்பா. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார். நான் ஒரு காலைப் பாதையில் வைத்தேன். அப்போது லைட் பற்றியது.

மாமி, அது உண்மையிலேயே வடிவுதான். அதையும் மறைக்க மாட்டேன். இருட்டுக்குள்ளிருந்து கோட்டை ஒரேயடியாக எழுந்து நின்றது. ஒரு நொடி நான் வேறெதையும் நினைக்கவில்லை. திரும்பி "அப்பா, பாருங்கோ!" என்றேன். அப்பா அங்கே இல்லை.

தெருவோர வாய்க்காலுக்குள் இருந்தார். முழங்காலை மடித்து, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் பின்கழுத்தில் வைத்திருந்தார். வேலைக்குப் போடும் நல்ல கோட்டு சேற்றில் தோய்ந்திருந்தது. "அப்பா, இது ஆக்கள் பாக்கிறதுக்குப் போடுற லைட்" என்றேன். "தெரியும்" என்றார். "அப்ப எழும்புங்கோ." "தெரியும் எண்டுறன். ஏலாமல் கிடக்கு." அவருடைய குரல் எனக்குத் தெரிந்த குரல் இல்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளையின் குரல்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாதையின் முதற் கற்களைத் தொட்டுவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: ஐந்து ஐம்பது. நான் எழுந்து நின்று கோட்டையைப் பார்த்துக் கையசைத்தேன். யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்து அசைக்கவில்லை. வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்து ஐம்பத்தாறுக்கு, முன்பக்க லைட் நூர்ந்தது. பிறகு கோபுரம். பிறகு கடைசி மூலை. ஒரு பெரிய கை வந்து துடைத்ததுபோல் கோட்டை இல்லாமல் போய்விட்டது. கடற்சத்தம் மட்டும் இருந்தது.

அப்பா அசையவில்லை. பிறகு தலையைக் கொஞ்சம் தூக்கினார். இருட்டில் ஒரேயொரு சின்ன மஞ்சள் சதுரம் தெரிந்தது, உங்கள் குசினி யன்னல். அதில் நீங்கள் நின்றீர்கள். உங்கள் முகம் தெரியவில்லை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காதான் நூர்த்தது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு, "இப்பப் பாத்தா ஒரு வீடு மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

எழும்பினார். சேற்றைத் தட்டவில்லை. என் பையை வாங்கித் தோளில் போட்டார். "தண்ணி ஏறுது, கெதியா நட" என்று என்னை ஏசினார், ஏதோ நான்தான் சுணங்கியதுபோல. பாதி வழியில் தண்ணீர் சப்பாத்துக்குள் வந்தது. அப்பா என் கையைப் பிடித்தார், நடுங்கவில்லை. அதன் காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

வாசலில் நீங்கள் இருவரும் பேசியது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? நீங்கள், "கோட்டெல்லாம் சேறு" என்றீர்கள். அப்பா, "ஏனக்கா இஞ்ச வந்தனீ?" என்றார். ஏழு வருடம் பிந்திய கேள்வி. நீங்கள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தீர்கள். அப்பா அந்தச் சாவியின் பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். அன்று இரவு நண்டுக்கறி முடியும் வரை அதை அவர் திருப்பித் தரவில்லை, இடது கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். கப்பல்காரர் சின்னப் படகில் வந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டபோது நீங்கள், "இல்லை, என்ர தம்பி வந்திருக்கிறான்" என்றீர்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எனக்குத் தந்த அறையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். யன்னல் பள்ளத்துக்குள் கட்டில் போடும் அளவுக்குச் சுவர் தடிப்பு என்று சொன்னபோது வகுப்பில் யாரும் நம்பவில்லை. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து கல்லில் கன்னத்தை வைத்தேன். குளிர். எனக்கு முன்னால் இதே இடத்தில் யாரோ ஒரு பெண் கன்னம் வைத்திருப்பாள், அவளுக்குப் பயமாக இருந்திருக்கும், யாரோ வெளியே நின்றிருப்பார்கள். தரைக்குக் கீழே கடல் மூச்சு விட்டது. நீங்கள் எழுதியது சரி, நித்திரை வரவில்லை.

பத்து மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். அப்பா கீழே இருந்து வந்துகொண்டிருந்தார், சப்பாத்து இல்லாமல், சாவியோடு. "மாமி நித்திரையாப் போனா. வாசலை நான் பூட்டிப்போட்டன்" என்று மெதுவாகச் சொன்னார். "அப்பா, உள்ளுக்க லைட் எல்லாம் எரியுது." "ஓம். நீ படு. லைட்டை நான் பாக்கிறன்."

நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கோபுரத்துக்கு ஏறினார். தொண்ணூற்றேழு படியையும் எண்ணினேன். மேலே ஒரு சுவிட்ச் சத்தம் கேட்டது. அங்கே நெடுநேரம் நின்றார், அந்த உயரத்திலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம், எனக்குத் தெரியாது. பிறகு இறங்கினார். மண்டபத்தில் ஒரு சுவிட்ச். நடைவழியில் ஒன்று. உங்கள் அடுப்படிக்குப் போய், சாவியை மடியில் வைத்திருப்பார், அங்கேயும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவருடைய வெறுங்காலின் சத்தம், அவசரமில்லாமல்.

கடைசியாக என் கதவடியில் இருந்த வெளிச்சக் கோடு. அப்பா கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றார்.

பிறகு அதுவும் நூர்ந்தது. அப்போது நேரம் பத்தே முக்கால்.